படகோனியாவில் பைக் பயணம்: கணக்கை எங்கே தொடங்குவது?

வெளிநாட்டில் நெடுந்தூரம் பைக் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் கூடினால் பேச்சு வண்டியில்தான் தொடங்குகிறது. எத்தனை சி.சி., எந்த டயர், பக்கப் பெட்டி அலுமினியமா துணியா என்று மணிக்கணக்கில் போகும். அந்தப் பேச்சில் இன்பம் உண்டு. நானும் அதில் மகிழ்ந்து கலந்துகொள்கிறவன்தான். ஆனால் இத்தகைய பயணங்கள் பாதியில் நின்ற கதைகளைக் கேட்டுப் பாருங்கள். வண்டி கைவிட்டது என்பது அவற்றில் குறைவு. நாள் போதவில்லை, பருவம் தவறியது, எல்லையில் காகிதம் சரியில்லை என்பவையே அதிகம். எனவே நாள், பருவம், காகிதம் ஆகிய மூன்றையும் முதலில் முடிவுசெய்து, வண்டியைக் கடைசியில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்குச் சான்றாகத் தென் அமெரிக்காவின் தென்கோடியை எடுத்துக்கொள்கிறேன். அர்ஜென்டினாவும் சிலியும் பகிர்ந்துகொண்டிருக்கும் படகோனியா அது. இரண்டு நாட்டு எல்லை, தார்ச்சாலை, ஜல்லிச்சாலை, வாகனப் படகு, பெட்ரோல் கிடைக்காத நெடுவெளி, ஓயாத காற்று எல்லாம் ஒரே நிலத்தில் வந்து சேர்கின்றன. இங்கே போட்டுப் பழகிய கணக்கு வேறு எந்த நாட்டிலும் கைகொடுக்கும்.

இந்த நிலத்துக்குப் பைக் ஓட்டிகளை இழுத்தவர்களில் முதல்வர் எர்னெஸ்டோ சே குவேரா. 1951ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர் ஆல்பெர்தோ கிரனாதோவுடன் ஒரு பழைய நார்ட்டன் 500 வண்டியில் அவர் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார். படகோனியாவின் ஏரிகளைக் கடந்து சிலிக்குள் நுழைந்த பிறகு அந்த வண்டி முற்றிலும் கைவிட்டது. இருவரும் லாரியிலும் கப்பலிலும் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அர்ஜென்டினாக்காரரான எமிலியோ ஸ்கோட்டோ 1985இல் ஹோண்டா கோல்டு விங் வண்டியில் புறப்பட்டு, 1995 வரை ஏறத்தாழ 7,35,000 கி.மீ. ஓட்டினார். நடிகர் யூவன் மெக்கிரெகரும் சார்லி பூர்மனும் 2019இல் உஷுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை மின்சார பைக்கில் போனார்கள். இந்தக் கதைகளைப் படித்தும் பார்த்தும்தான் பலருக்கு ஆசை பிறக்கிறது. இவர்களிடம் மாதங்களும் ஆண்டுகளும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வண்டி கைவிட்டாலும் சேயின் பயணம் நிற்காததற்குக் காரணம், அவர் குறிப்பிட்ட தேதிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியவராக இல்லை என்பதே. மூன்று வாரம் விடுப்பு எடுத்துப் போகிறவர் அவர்களிடமிருந்து துணிவை எடுத்துக்கொள்ளலாம், திட்டத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

படகோனியாவில் பைக் ஓட்டிகள் நாடும் சாலைகள் இரண்டு. அர்ஜென்டினாப் பக்கம் ரூட்டா 40. தெற்கே அட்லாண்டிக் கரையிலுள்ள கபோ விர்ஹெனெஸ் முனையில் தொடங்கி, ஆண்டீஸ் மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி, பொலிவிய எல்லையிலுள்ள லா கியாகா வரை 5,000 கி.மீ.க்கும் மேல் நீள்கிறது. சிலிப் பக்கம் கரெத்தெரா அவுஸ்த்ரால். புவெர்தோ மோன்ட் நகரிலிருந்து வில்லா ஓஹிகின்ஸ் வரை 1,240 கி.மீ. இதன் கட்டுமானம் சிலியின் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் 1976இல் இராணுவத்தைக் கொண்டு தொடங்கியது; கடைசிப் பகுதி 2000ஆம் ஆண்டில்தான் திறந்தது. கடல் உட்புகுந்த பள்ளத்தாக்குகள் சாலையை வெட்டுவதால் இடையிடையே வண்டியைப் படகில் ஏற்ற வேண்டும். வில்லா ஓஹிகின்ஸுக்கு அப்பால் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் அர்ஜென்டினாவுக்குள் போக வழி உண்டு, பைக்குக்கு இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டும். வரைபடத்தில் எல்லை விரலளவு தூரத்தில் தெரிவதால் இதை அறியாமல் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வரைபடம் ஏமாற்றும் இன்னோர் இடம் பெரித்தோ மொரேனோ. அந்தப் பெயரில் ஒரு சிற்றூர், ஒரு தேசியப் பூங்கா, உலகப் புகழ்பெற்ற ஒரு பனிப்பாறை ஆகிய மூன்றும் உண்டு. மூன்றும் வெவ்வேறு இடங்கள். ஊரிலிருந்து பனிப்பாறைக்கு ஏறத்தாழ சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். விடுதிக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நாள் கணக்கு. மூன்று வார விடுப்பு, 21 நாள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் கழிகிறது. அர்ஜென்டினா நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இறங்கிய மறுநாளே வண்டியில் ஏறுவது ஆபத்து. வண்டியைப் பெற்றுக்கொள்ளவும் காகிதம் சரிபார்க்கவும் ஒரு நாள், திருப்பி ஒப்படைக்க ஒரு நாள். காற்று, படகு, எல்லை ஆகியவை பறித்துக்கொள்ளப் போகும் நாள் மூன்று. உடம்புக்கு ஓய்வு இரண்டு நாள். மிச்சம் 10. தார்ச்சாலையில் நாளொன்றுக்கு 300 கி.மீ., ஜல்லியில் 150 முதல் 200 கி.மீ. என்பதே நியாயமான அளவு. கலந்து சராசரி 250 என்று கொண்டால் கையில் இருப்பது 2,500 கி.மீ. இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வரைபடத்தை விரிக்க வேண்டும்.

எல்லோரும் கனவு காணும் இடம் உஷுவாயா, சாலை முடியும் ஊர். அர்ஜென்டினாவின் பாரிலோச்சேயிலிருந்து ரூட்டா 40 வழியாக அங்கே போக ஏறத்தாழ 2,300 கி.மீ. திரும்பவும் அதே தூரம் ஆகும். நாளுக்கு 460 கி.மீ. வீதம், காற்றிலும் ஜல்லியிலும், ஓய்வில்லாமல் ஓட்டினால் முடியும். ஆனால் சாலையோரத்து மைல்கல் தவிர வேறெதுவும் கண்ணில் நிற்காது. அதே 2,300 கி.மீ. அளவில் ஒரு முழுச் சுற்று கிடைக்கிறது. சிலியின் ஓசோர்னோவில் தொடங்கி, புவெர்தோ மோன்ட், சைத்தென், கொயாய்க்கே வழியாகக் கரெத்தெரா அவுஸ்த்ராலில் இறங்கி, சிலே சிக்கோவில் எல்லை தாண்டி, பெரித்தோ மொரேனோ ஊரிலிருந்து ரூட்டா 40இல் வடக்கே ஏறி, எஸ்கெல், பாரிலோச்சே வழியாக மீண்டும் ஓசோர்னோ வந்தடைவது. மழைக்காடு, பனிமலை, பெரும் ஏரி, வறண்ட புல்வெளி எல்லாம் இந்தச் சுற்றுக்குள் அடக்கம். முதன்முறை போகிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். உஷுவாயாவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர் ஆறு வாரம் ஒதுக்க வேண்டும், அல்லது வாடகை வண்டியை அங்கேயே விட்டுவர ஒருவழிக் கட்டணம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணம் சிறிதல்ல.

பருவத்தைப் பொறுத்தவரை பலரும் சொல்லும் பதில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. தென்கோளத்தின் கோடை அது. தெற்கே பகல் 16, 17 மணி நேரம் நீளும். ஆனால் படகோனியாவில் காற்று உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். பசிபிக் கடலில் தடையின்றி வரும் மேலைக் காற்று ஆண்டீஸைத் தாண்டி அர்ஜென்டினாச் சமவெளியில் பாய்கிறது. மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும் வீச்சுகள் அங்கே சாதாரணம். காற்று மேற்கிலிருந்து வருகிறது, ரூட்டா 40 வடக்கு தெற்காகப் போகிறது. ஆகவே நாள் முழுவதும் அடி பக்கவாட்டில் விழும். வண்டியைக் காற்றின் பக்கம் சாய்த்தபடியே நேர்கோட்டில் ஓட்ட வேண்டியிருக்கும். எதிரே லாரி வந்தால் ஒரு நொடி காற்று மறைந்து, மறுநொடி மொத்தமாக அறையும். ஜல்லியில் இது நடந்தால் விழாமல் தப்புவது கடினம். காலையில் காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும். விடிந்ததும் கிளம்பி, பிற்பகலில் காற்று வலுக்கும் முன் ஊர் சேர்ந்துவிடுவது அனுபவசாலிகள் எல்லோரும் கடைப்பிடிக்கும் முறை.

மலைக்கு மேற்கே கதை வேறு. அதே மேலைக் காற்று கொண்டுவரும் ஈரம் முழுவதையும் சிலிப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. அங்குள்ள சில கரையோர ஊர்களில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்யும். மலையின் மறுபக்கப் புல்வெளியில் 200 மி.மீ. அளவே. மலைச்சரிவு பெயர்ந்து சாலை அடைபடுவதும் உண்டு. 2017 டிசம்பரில் வில்லா சாந்தா லூசியா என்ற சிற்றூரைச் சேற்றுப் பெருக்கு புதைத்ததில் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆகவே ஒரே பயணத்தில் மழை உடையும் வேண்டும், புழுதிக்கும் குளிருக்கும் தயாராகவும் இருக்க வேண்டும். என் தேர்வு பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய. காற்று சற்று அடங்கும், உள்நாட்டு விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், படகிலும் விடுதியிலும் இடம் கிடைக்கும். ஏப்ரலில் லெங்கா மரங்கள் சிவக்கும் காட்சி அழகுதான். ஆனால் கணவாய்களில் பனி விழத் தொடங்கிவிடும் அபாயமும் கூடவே வருகிறது.

காகிதத்தில் முதலாவது ஓட்டுநர் உரிமம். இந்தியாவில் ஆர்.டி.ஓ. வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படியானது, ஓராண்டு செல்லும். அர்ஜென்டினாவும் சிலியும் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் நமக்குச் சிக்கல் இல்லை. அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மவர்கள் அதிகம் பைக் ஓட்டப் போகும் வியட்நாம் 1968ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படியான அனுமதியையே ஏற்கிறது. அங்கே வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நேரும்போதுதான், செல்லாத உரிமத்தோடு ஓட்டியதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். எந்த நாட்டுக்குப் போவதானாலும் முதலில் பார்க்க வேண்டியது, நம் அனுமதியை அந்த நாடு ஏற்கிறதா என்பதை. பயணக் காப்பீட்டிலும் இருசக்கர வாகனம் விலக்கப்பட்டிருக்கிறதா, குறிப்பிட்ட சி.சி.க்கு மேல் செல்லாதா என்று விதிகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். தொலைவிலிருந்து மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் செலவு அதில் அடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது எல்லை. சிலியையும் அர்ஜென்டினாவையும் பிரிக்கும் ஒவ்வொரு கணவாயிலும் ஒரு நாட்டின் குடிவரவு, சுங்கம், பிறகு மறுநாட்டின் குடிவரவு, சுங்கம் என்று வரிசையாகச் சன்னல்கள். மனிதருக்கு ஒரு முத்திரை, வண்டிக்குத் தனியாக ஒரு தற்காலிக இறக்குமதிச் சீட்டு. சுற்றுலாப் பயணியின் வண்டிக்குச் சிலி 90 நாள் தருகிறது. அந்தச் சீட்டில் பதிவெண்ணும் சேஸிஸ் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று சன்னலை விட்டு நகரும் முன் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் அடுத்த எல்லையில் நிறுத்திவிடுவார்கள். வெளியேறும்போது சீட்டைத் திருப்பிக் கொடுப்பது கட்டாயம். வாடகை வண்டியானால் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உரிமையாளரின் ஒப்புதல் நோட்டரி முத்திரையோடு வேண்டும். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும், போய் இறங்கிய பிறகு கேட்டால் நாட்கள் வீணாகும். சிலிக்குள் பழம், இறைச்சி, பால்பொருள், தேன், விதை கொண்டுபோவதில் கெடுபிடி அதிகம், மறைத்தால் அபராதம். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பருப்புப்பொடியையும் உலர்ந்த கறிவேப்பிலையையும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுவதே நல்லது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இரு நாட்டு விசா விதிகளும் அவ்வப்போது மாறுவதால் தூதரக அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

நாளும் பருவமும் காகிதமும் தெரிந்த பிறகு, வண்டிக் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும். வழி மூன்று: சொந்த வண்டியைக் கொண்டுபோவது, அங்கே வாங்குவது, வாடகைக்கு எடுப்பது. சொந்த வண்டி என்றால் மரப்பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். துறைமுகக் கட்டணம் கடைசி வரை கூடிக்கொண்டே போகும். இந்தியப் பதிவெண் வண்டியை வெளியே கொண்டுபோய் வரியின்றித் திரும்பக் கொண்டுவர, கார்னே எனப்படும் சுங்கப் புத்தகத்தை ஆட்டோமொபைல் சங்கம் மூலம் பெறுவது வழக்கம். அதற்கு வண்டியின் மதிப்பைப் பொறுத்துப் பிணைத்தொகை கட்ட வேண்டும். கண்டம் முழுவதும் ஓட்டப் போகிறவருக்கு, ஆறு மாதத்துக்கு மேல் கையில் இருப்பவருக்கு, இந்தச் செலவும் அலைச்சலும் தகும். சிலியில் வாங்குவது நடுவழி. வெளிநாட்டவர் அங்கே வரி எண் பெற்று வண்டியைத் தம் பெயரில் பதியலாம். பதிவுக் காகிதம் கைக்கு வர நாளாகும், திரும்பும் முன் விற்கவும் வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைவாகப் போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. மூன்று வாரக்காரருக்கு வாடகை ஒன்றே வழி. விலை அதிகமாகத் தோன்றினாலும், மற்ற இரண்டு வழிகளிலும் கரையும் நாட்களை விலை போட்டுப் பார்த்தால் வாடகை மலிவு.

சி.சி. பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பவை 650 சி.சி.க்கு மேற்பட்ட கனமான வண்டிகள். காற்றில் கனம் உதவும். ஜல்லியில் அதே கனம் எதிரியாகும். விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடிய வேண்டும். உங்களால் தரையிலிருந்து தூக்க முடிகிற வண்டியே உங்களுக்கான வண்டி என்பது என் அளவுகோல். நம் ஊரில் ஓட்டிப் பழகிய ராயல் என்ஃபீல்டு அங்கேயும் உண்டு. அந்த நிறுவனம் இன்றைய காலத்தில் சென்னைக்கு வெளியே தன் வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் முதல் ஆலையை 2020இல் அர்ஜென்டினாவின் கம்பானாவில்தான் தொடங்கியது. பழகிய வண்டி கிடைத்தால் அதை எடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

வண்டி எதுவானாலும் நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். நகர நெரிசலில் தவறு நேராது. முன்னே போகும் வண்டிகள் வழிகாட்டும். ஆளற்ற சாலையில் பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே திரும்பும் அந்தக் கணத்தில்தான் கை தானாக இடப்பக்கம் போகும். பெட்ரோல் டேங்க்கின் மேல் ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொள்வது எளிய, பயனுள்ள காப்பு. அர்ஜென்டினா நெடுஞ்சாலையில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது பெட்ரோல். ரூட்டா 40இல் கோபெர்னதோர் கிரெகோரெஸ் முதல் பாகோ கரகோலெஸ் வரையிலான 200 கி.மீ.க்கும் மேற்பட்ட தூரத்தில் ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. பாகோ கரகோலெஸில் பங்க் இருந்தாலும் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம். அப்படியானால் பெரித்தோ மொரேனோ ஊருக்கு இன்னும் 128 கி.மீ. போக வேண்டும். எதிர்காற்றில் மைலேஜ் சரிந்துவிடும் என்பதால் 350 கி.மீ. ஓடும் வண்டி என்ற விற்பனையாளர் கணக்கு அங்கே செல்லாது. கூடுதலாக ஐந்து லிட்டர் கொண்டுபோவதும், கண்ணில் படும் ஒவ்வொரு பங்க்கிலும் நிரப்புவதும் வேண்டும். திரெஸ் லாகோஸுக்கும் கோபெர்னதோர் கிரெகோரெஸுக்கும் இடையே தார் போடாமலே நெடுங்காலம் கிடந்த 73 கி.மீ. நீளத்தைப் பயணிகள் சபிக்கப்பட்ட 73 என்றே அழைக்கிறார்கள். மழை பெய்தால் அங்குள்ள களிமண் சக்கரத்தை முழுவதுமாகப் பற்றிக்கொள்ளும். அன்று காத்திருப்பதே அறிவு. பஞ்சர் ஒட்டும் கடை சிற்றூர்களிலும் கிடைக்கும். அர்ஜென்டினாவில் அதைக் கோமெரியா என்பார்கள். பணத்தைப் பொறுத்தவரை அர்ஜென்டினாவில் 2023இல் ஆண்டுப் பணவீக்கம் 200 விழுக்காட்டைத் தாண்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பழைய பயணக் குறிப்புகளில் உள்ள விலை எதுவும் உதவாது. சிற்றூர் ஏ.டி.எம். வெறுமையாக இருக்கலாம், டாலர் நோட்டு கொஞ்சம் கையில் வேண்டும்.

செல்பேசிக்கு அலைவரிசை இல்லாத தூரம் நூற்றுக்கணக்கான கி.மீ. விழுந்து கால் முறிந்தால் உதவி கேட்க, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி இருப்பது உயிர்காப்பு. ஆனால் அதை இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்லவோ திரும்பக் கொண்டுவரவோ முயலாதீர்கள். உரிமமின்றி அத்தகைய கருவி வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே கொடுத்துவிட வேண்டும். இன்னோர் எச்சரிக்கை: எலி நடமாடும் பூட்டிய குடிசைகளில் படுக்காதீர்கள். அந்த மலைப்பகுதியில் ஹான்டா வைரஸ் உண்டு. எபுயேன் என்ற ஊரில் 2018 கடைசியில் தொடங்கிய பரவலில் 11 பேர் இறந்தார்கள்.

இவ்வளவு திட்டம் போட்டால் பயணத்தின் சுதந்திரம் போய்விடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எல்லா இரவுக்கும் விடுதி பதிவு செய்தவர், காற்று வீசும் நாளிலும் ஓட்டியே ஆக வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார். அது திட்டமிடாததைவிடக் கேடு. உறுதி செய்ய வேண்டியவை சிலவே. வண்டி, எல்லை ஒப்புதல், ஹோர்னோபிரேனிலிருந்து கலேத்தா கொன்சாலோ போகும் படகு, முதல் இரண்டு இரவும் கடைசி இரவும் தங்குமிடம். மற்றதை வானிலையைப் பார்த்து அன்றன்று முடிவு செய்யலாம். மூன்று உபரி நாட்களை ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். அவற்றை முன்கூட்டியே செலவழித்துவிடாதீர்கள்.

மார்ச்சில் போக நினைப்பவர் முந்தைய செப்டம்பரில் விடுப்பைப் பேசி முடித்து, அக்டோபரில் வண்டியைப் பதிவு செய்து, நோட்டரி ஒப்புதல் கேட்டு எழுத வேண்டும். விசாவும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் டிசம்பருக்குள் கையில் இருக்கட்டும். சனவரியில் நம் ஊர்ச் செம்மண் பாதைகளில் சுமை ஏற்றிய வண்டியை ஓட்டிப் பழகுங்கள். பாஸ்போர்ட், உரிமம், காப்பீடு, பயணத் தடம் ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தி வரும், வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.